ஆறாம் வகுப்பு வரை பொறுத்திருக்கச் சொல்கிறீர்கள்

ஒரு காந்தத்தைக் கையில் பிடித்துப் பார்க்க ஒரு பிள்ளைக்கு எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும்? அரசாங்கத்தின் கணக்குப்படி பதினொன்று. கேலிக்குச் சொல்லவில்லை, திட்டங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்றிய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்கு ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். அது 6 முதல் 12ஆம் வகுப்பு வரை. பிள்ளைகளின் கண்டுபிடிப்பு யோசனைக்கு 10,000 ரூபாய் தரும் இன்ஸ்பயர் மானக் திட்டமும் ஆறாம் வகுப்பில்தான் கதவைத் திறக்கிறது. நம் மாநில அரசு 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம் நல்ல திட்டம். கருத்தாளர் ஒருவர் பொருள்களைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கே வந்து சோதனை செய்து காட்டுகிறார், பிள்ளைகளையும் செய்ய வைக்கிறார். வாயார வாழ்த்துகிறேன். ஆனால் அவருடைய வண்டி எங்கள் பள்ளி வாசலில் நிற்காது. அவர் வருவது 6, 7, 8ஆம் வகுப்புகளுக்கு. எங்களைத் தாண்டித்தான் அடுத்த ஊர் நடுநிலைப் பள்ளிக்குப் போகிறார். எங்கள் பிள்ளைகள் ஜன்னல் வழியே அவருக்கு டாட்டா காட்டுகிறார்கள்.

நான் ஈராசிரியர் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியை. ஈராசிரியர் பள்ளி என்றால் என்னவென்று நகரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வகுப்பு ஐந்து, ஆசிரியர் இரண்டு. இது சட்ட மீறல் ஒன்றுமில்லை, சட்டமே இதுதான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். 6 முதல் 8 வரை உள்ள வகுப்புகளுக்கு அறிவியலுக்கும் கணக்குக்கும் என்று ஆசிரியர் இருக்க வேண்டும் எனப் பாடத்தைச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். 1 முதல் 5 வரைக்கு வெறும் தலை எண்ணிக்கை. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், அவ்வளவுதான். அந்த இரண்டு பேரில் ஒருவர் தலைமையாசிரியர். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகை ஏற்ற வேண்டும், காலை உணவு வந்ததா என்று பார்க்க வேண்டும், சத்துணவு முட்டையை எண்ண வேண்டும், வட்டாரக் கல்வி அலுவலகம் கூப்பிட்டால் பஸ் ஏற வேண்டும். மீதி நான். வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்தால் நானும் இல்லை. இன்றைக்கு எங்கள் பிள்ளைகளுக்காகத்தான் பேச வந்தேன்.

அந்தப் பிள்ளைகள் யார் தெரியுமா? வேறு எங்கேயும் போக வழியில்லாதவர்கள். கையில் நாலு காசு புரளும் வீடுகள் எல்லாம் மஞ்சள் வேனில் ஏற்றி மெட்ரிக் பள்ளிக்கு அனுப்பிவிட்டன. மிச்சம் இருப்பவர்கள் நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள், இருளர் குடியிருப்பிலிருந்து நடந்து வரும் பிள்ளைகள், தாத்தா பாட்டியிடம் விடப்பட்டவர்கள். செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்களும் உண்டு. பொங்கல் முடிந்ததும் அப்பா அம்மா முன்பணம் வாங்கிக்கொண்டு கிளம்பினால் பிள்ளையும் கூடவே போகும். மார்கழியில் தேங்காய்ச் சிரட்டையில் அவரை விதை ஊன்றிய ஒருவன் முளை வந்ததைப் பார்த்தான். தினமும் குச்சியால் அளந்து கோடு போட்டான். கொடி படர்ந்து பூ வைத்தபோது அவன் பள்ளியில் இல்லை. வேறு மாவட்டத்தில் ஈரக் கல்லை வெயிலில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான்.

இவர்களுக்கு அறிவியல் எதற்கு என்று யாரும் நேராகக் கேட்பதில்லை. நேராகக் கேட்டால் சண்டையாவது போடலாம். மரியாதையாகச் சொல்கிறார்கள்: “முதல்ல வாசிக்கட்டும் மேடம், கூட்டல் கழித்தல் வரட்டும். சயின்ஸ் எங்க போகப்போவுது?” எண்ணும் எழுத்தும் என்ற மாநில அரசுத் திட்டம் 2022இல் 1 முதல் 3ஆம் வகுப்பு வரைக்கும் வந்தது, அடுத்த ஆண்டே 4, 5க்கும் நீண்டது. கொரோனாவில் இரண்டு வருடம் பள்ளி இல்லாமல் போன பிள்ளைகளுக்கு அது தேவைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். அதில் பாட்டு உண்டு, கதை உண்டு, பொம்மை உண்டு. ஆனால் அந்தத் திட்டத்தின் பெயரிலேயே எண்ணும் எழுத்தும் தவிர வேறு இல்லை, பாருங்கள். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, எந்த நிலையில் எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். எத்தனை பேர் கேள்வி கேட்டார்கள் என்று ஒரு கட்டம் எந்தச் செயலியிலும் இல்லை.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்க் கோயில் திருவிழா முடிந்து, எரியாத சீரியல் செட்டைக் குப்பையில் போட்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதிலிருந்து சிவப்பு விளக்குகளைப் பிய்த்து எடுத்து வந்தாள். டார்ச் செல் இரண்டை ஒன்றன் பின் ஒன்றாக வைத்து ஒயரைத் தொடச் சொன்னேன். எரிந்தது. வகுப்பே கத்தியது. பக்கத்தில் இருந்தவன் பிடுங்கி வைத்துப் பார்த்தான், எரியவில்லை. சண்டை வந்தது. “நீ உடைச்சிட்ட” என்று இவள் அழுதாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதுகொண்டே செல்லைத் திருப்பிப் போட்டாள். மறுபடி எரிந்தது. அழுகை நின்றது. திருப்பினாள், அணைந்தது. திருப்பினாள், எரிந்தது. என்னிடம் பழைய டார்ச்சின் குண்டு பல்பு ஒன்று இருந்தது, அதைக் கொடுத்தேன். அது எப்படிப் போட்டாலும் எரிந்தது. வெகுநேரம் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “டீச்சர், இந்தச் சின்ன லைட்டுக்கு மட்டும் மூஞ்சி எது, முதுகு எதுன்னு தெரியுமா?”

மின்னோட்டம் ஒரு பக்கமாக மட்டும் போகும் பொருள் ஒன்று உண்டு என்பதை அவள் யாரும் சொல்லாமல் பிடித்துவிட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் டையோடு என்று வருவதன் வாசல் படியில் அந்தப் பிள்ளை வந்து நின்றாள். எமிஸில் அவள் தமிழில் அரும்பு. ஒற்று எழுத்து வந்தால் தடுமாறுவாள்.

அன்றைக்குப் பார்வையிட வந்த அலுவலர் ஒருவர் வாசலில் நின்று இதைப் பார்த்தார். உள்ளே வந்து என் பாடக்குறிப்பேட்டைப் புரட்டினார். “இன்னைக்கு நீங்க எந்த அலகு நடத்தணும்? இது கையேட்டுல இருக்கா?” என்றார். இல்லை என்றேன். “அப்ப ஏன் சத்தம்?” என்றார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் திக்கினாள். பார்வைக் குறிப்பில் ‘வாசிப்புத் திறனில் கவனம் தேவை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போனார். அவர் எழுதியது பொய் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அவள் திக்கியதை எழுதுவதற்கு ஒரு இடம் இருந்தது. அவள் கேட்டதை எழுதுவதற்கு இடம் இல்லை.

வாசிப்பு முதலில், சோதனை பிறகு என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எழுதுவதற்கு ஏதாவது இருந்தால்தானே பிள்ளை எழுதும்? அன்று சாயங்காலம் அவள் நோட்டில் ‘திருபி போட எரியல’ என்று அவளாகவே எழுதியிருந்தாள். ‘ப்’பும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் பலகையைப் பார்த்துக் காப்பியடிக்காமல் அவள் எழுதிய முதல் வாக்கியம் அதுதான். எழுத்தும் எண்ணும் முடித்துவிட்டு வா, அப்புறம் உலகத்தைத் தொடலாம் என்று ஏழைப் பிள்ளையிடம் மட்டும்தான் சொல்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறீர்களா? அவனுக்கு அ, ஆ தெரியும் முன்பே காந்தப் பொம்மையும் பூதக்கண்ணாடியும் பிறந்தநாள் பரிசாக வந்துவிட்டன. யூ.கே.ஜி.யில் ரோபோட்டிக்ஸ் என்று தனியாகக் கட்டணம் வாங்குகிறார்கள், நீங்களும் கட்டுகிறீர்கள். அதெல்லாம் மூளையை வளர்க்கும் என்றால் அவனுக்கு மட்டும்தான் வளருமா?

பொருள் வரவே இல்லையா என்றால், வந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். 1987இல் கரும்பலகைத் திட்டம் என்று ஒன்று வந்தது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கூடவே கற்பித்தல் பொருள்கள். அவற்றில் அறிவியல் பெட்டியும் ஒன்று. நான் பார்த்த பள்ளிகளில் அந்தப் பெட்டியும் அதற்குப் பின்னால் வந்த பெட்டிகளும் பீரோவுக்குள் அந்துருண்டை போட்டு வைத்த கல்யாணப் பட்டு மாதிரி பத்திரமாக இருந்தன. தலைமையாசிரியர்களைத் திட்டிவிடாதீர்கள். பெட்டி வந்த அன்றே ஒவ்வொரு பொருளும் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. சோதனைக்குழாய் இத்தனை, லென்சு இத்தனை, திசைகாட்டி ஒன்று. பிள்ளை கையில் கொடுத்தால் உடையும், உடைய வேண்டும், அதற்குத்தானே கண்ணாடி. ஆனால் தணிக்கைக்கு வருகிறவர் பதிவேட்டில் இருப்பது பீரோவில் இருக்கிறதா என்றுதான் எண்ணுவார். மாறுதலில் போகிற தலைமையாசிரியர் பொறுப்பை ஒப்படைக்கும்போது குறைகிறதைக் கைக்காசு போட்டு வாங்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். ‘உபயோகத்தில் உடைந்தது’ என்று கழித்து எழுதுவதற்குள் பென்ஷன் வந்துவிடும். இப்படி வைத்துவிட்டு, ஆசிரியருக்கு ஆர்வம் இல்லை என்று பயிற்சிக் கூட்டங்களில் எங்களுக்கே பாடம் நடத்துகிறார்கள். மாணவன் தொடவே தொடாத லென்சு நூற்றுக்கு நூறு சரியாக இருக்கும். அதைத்தான் நல்ல நிர்வாகம் என்று பாராட்டுகிறார்கள்.

இப்போது புதிதாகத் திரை வந்திருக்கிறது. ஸ்மார்ட் வகுப்பறை. சோதனையைக் காணொளியில் காட்டிவிடலாம், உடையாது, செலவில்லை, பதிவேடு இல்லை. திரையில் ஒரு கை எலுமிச்சம்பழத்தில் ஆணி குத்துகிறது, விளக்கு எரிகிறது, பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். சினிமாவில் எம்.ஜி.ஆர். பறந்தாலும் கைதட்டுவார்கள்தான். ஒரே ஒரு எலுமிச்சம்பழத்தில் விளக்கு எரியாது, மூன்று நான்கு பழங்களையாவது தொடராகக் கோக்க வேண்டும். செய்து பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். செய்து தோற்காத பிள்ளைக்கு அது மந்திரம், அவ்வளவுதான். மந்திரத்தை நம்பக் கற்றுக்கொடுத்துவிட்டு, அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவில் அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று எழுதி வைத்திருக்கிறோம்.

காசைப் பற்றியும் பேசிவிடுகிறேன், கூச்சம் எதற்கு? 30 பிள்ளைகளுக்குள் இருக்கும் பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் வருடத்துக்கு 10,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் தூய்மைக்கு. மிச்சத்தில் சாக்பீசு, பதிவேடு, உடைந்த குழாய், எலி கடித்த ஒயர். டார்ச் செல் வாங்க அதில் எந்தத் தலைப்பில் எழுதுவது? இது பணம் வருகிற வருடத்துக் கதை. 2024-25இல் ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று, இந்த மானியத்தைத் தரும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் மாநிலத்துக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. கொள்கையில் யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கும் ஒரு கருத்து உண்டு, அதை ஓட்டுப் பெட்டியில் சொல்லிக்கொள்கிறேன். தில்லியும் சென்னையும் கடிதம் எழுதிக்கொண்டு, வழக்கு போட்டுக்கொண்டு இருந்தபோது எந்த அமைச்சர் வீட்டுப் பிள்ளைக்கும் பாடம் நிற்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஏழைப் பிள்ளைகளால் முடியாது, கிராமத்தில் நடக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டத்தைத் தொடங்கினார்கள். நான்கு நான்கு பிள்ளைகளாக உட்கார்ந்து தாங்களே சோதனை செய்து, பார்த்ததைத் தாங்களே எழுதினார்கள். 1978இல் மாவட்டம் முழுக்கப் பரவியது. அங்கே போய் வேலை பார்த்த பொறியாளர்தான் அரவிந்த் குப்தா. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் வைத்து முக்கோணமும் கனசதுரமும் செய்து காட்டியவர். நாடே அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தது. ஆனால் அந்தத் திட்டத்தை அந்த மாநில அரசு 2002இலேயே ஓர் உத்தரவில் மூடிவிட்டது. இங்கே தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980இலிருந்து ஊர் ஊராகப் போகிறது, துளிர் இதழ் நடத்துகிறது. அவர்கள் தன்னார்வலர்கள், நேரம் கிடைத்தபோது வருவார்கள். பிள்ளையின் உரிமையை ஒருவரின் ஓய்வு நேரத்தில் தொங்கவிடுவது எந்த ஊர் நியாயம்?

எடுத்ததற்கெல்லாம் கலாம் ஐயா பெயரைச் சொல்கிறோம். எங்கள் பள்ளிச் சுவரிலும் அவர் படம் இருக்கிறது. அவரே பலமுறை சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. ராமேஸ்வரத்தில் அவருடைய ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை எப்படிப் பறக்கிறது என்று பலகையில் வரைந்து விளக்கினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பறவைகளைக் காட்டினார், இறக்கையும் வாலும் என்ன செய்கின்றன என்று பார்க்க வைத்தார். தன் வாழ்க்கையின் திசை அன்றைக்கு முடிவானது என்றார் கலாம். அப்போது அவர் ஐந்தாம் வகுப்பு. திரும்பவும் சொல்கிறேன், ஐந்தாம் வகுப்பு. இன்றைய திட்டங்களின் கணக்கில் அவர் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டிய பிள்ளை. இன்றைக்கு நான் பிள்ளைகளைக் கண்மாய்க் கரைக்குக் கொக்கு பார்க்க அழைத்துப் போக வேண்டுமென்றால் முன் அனுமதி கேட்க வேண்டும். வழியில் ஒரு பிள்ளைக்கு முள் குத்தினால் விளக்கக் கடிதம் நான் எழுத வேண்டும்.

ஒரு பைசா செலவில்லாத சோதனைகூட எங்களுக்கு எட்டுவதில்லை. தமிழ்நாட்டில் வருடத்துக்கு இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் வரும், நட்டு வைத்த குச்சிக்கு நிழல் விழாது. முதல் தடவை ஏப்ரலில், அப்போது தேர்வும் விடுமுறையும். இரண்டாவது தடவை ஆகஸ்ட் பிற்பாதியில் சென்னையில் தொடங்கித் தெற்கே நகர்ந்து செப்டம்பர் தொடக்கத்தில் கன்னியாகுமரிக்குப் போகும். அப்போது பள்ளி உண்டு. ஒரு குச்சியும் முற்றமும் போதும். பூமி சாய்ந்து சுற்றுகிறது என்பதைப் பிள்ளை தன் காலடியிலேயே பார்த்துவிடும். இதற்கு ஒரு சுற்றறிக்கை, தேதியையும் நேரத்தையும் ஊர்வாரியாகப் போட்டு ஒரே ஒரு தாள், தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு வருடமாவது வந்திருக்கிறதா என்று எங்கள் பதிவேட்டுக் கட்டைப் புரட்டிப் பார்த்தேன். இல்லை. பிப்ரவரி 28க்கு மட்டும் தவறாமல் வருகிறது. தேசிய அறிவியல் நாள், ராமன் விளைவைப் பற்றிப் பேச்சுப் போட்டி நடத்திப் புகைப்படம் அனுப்புக. கடல் ஏன் நீலம் என்று கேட்டுக்கொண்டு சோதனை செய்த மனிதரின் நாளை, மனப்பாடம் செய்த பிள்ளைக்குப் பரிசு கொடுத்துக் கொண்டாடுகிறோம்.

நான் கேட்பது ஆய்வகம் இல்லை. 20 லட்சத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எங்களைத் தாண்டிப் போகும் அந்த வானவில் கருத்தாளரின் வண்டி மாதத்தில் ஒரு நாள் எங்கள் வாசலில் நிற்கட்டும். செல், ஒயர், காந்தம், விதை, ஊசியில்லாத சிரிஞ்ச் என்று தீர்ந்துபோகும் பொருள்களுக்காக ஒரு சின்னத் தொகையை மானியத்தில் தனியாகப் பிரித்து எழுதுங்கள். பிள்ளை கையில் உடைந்ததைக் கழித்து எழுதும் அதிகாரத்தைத் தலைமையாசிரியருக்கே கொடுங்கள். வாரத்தில் ஒரு பாடவேளை, கையேட்டில் இல்லாததைச் செய்துபார்க்க எங்களை விடுங்கள். அந்த வேளையில் வந்து வாசிப்புச் சோதனை வைக்காதீர்கள். சூளைக்குப் போகும் பிள்ளை அங்கே எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் அதே சோதனையைத் தொடர முடிந்தால் இன்னும் நல்லது. அதைக் கேட்டால் பேராசை என்பீர்கள், தெரியும்.

அரசாங்கத்திடம் கேட்டு அலுத்துவிட்டது. இனி ஊர்க்காரர்களிடம் கேட்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும் உங்கள் குழுதான். கூட்டத்துக்கு வாருங்கள். டீயும் பிஸ்கட்டும் முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். “இந்த மாசம் எங்க பிள்ளை கையால என்ன செஞ்சு பாத்துச்சு?” என்று கேளுங்கள். பீரோவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், நானே சாவி கொண்டு வருகிறேன். நான் எழுதிய கடிதங்கள் வட்டார அலுவலகத்தில் ஏதோ ஒரு கோப்பில் கிடக்கின்றன. முப்பது பெற்றோர் பெயர் போட்ட தீர்மானத்தை அப்படிச் செருகி வைப்பது அவ்வளவு சுலபமில்லை. அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தைப் போடுங்கள்.